நகலா, நொகோலா?

சாந்த்ராகாச்சி என்றால் வங்காளிகளுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, குளிர்காலத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஏரியில் வந்து இறங்கும் பறவைகள். இன்னொன்று சேனைக்கிழங்கு. இங்கே அதற்கு 'ஓல்' என்று பெயர். காய்கறிச் சந்தையில் கிழங்கைக் கையில் எடுத்தாலே போதும், கடைக்காரர் "ஆஷோல் சாந்த்ராகாச்சி!" என்று சத்தியம் செய்வார். அது எந்த ஊர் மண்ணில் விளைந்ததோ, அவருக்கே வெளிச்சம். சாந்த்ராகாச்சியிலேயே குடியிருக்கும் என்னிடமும் இதே சத்தியம்தான்.

இந்த 'ஆஷோல்' வேறொன்றும் இல்லை, நம்ம 'அசல்'தான். அரபியிலிருந்து கிளம்பி இரண்டு மொழிக்கும் வந்து சேர்ந்த சொல். அதன் ஜோடியான 'நகல்' என்பதும் அப்படியே. இவர்கள் 'நொகோல்' என்பார்கள். ஆனால் பொருளில் ஒரு சின்ன வம்பு இருக்கிறது. நமக்கு நகல் என்றால் சான்றிதழ் நகல், பத்திரத்தின் நகல். அதில் ஒரு குற்றமும் கிடையாது. வங்காளியில் நொகோல் என்றால் போலி என்ற வாடை சேர்ந்தே வரும். பரீட்சையில் பார்த்து எழுதினாலும் நொகோல், கள்ள நோட்டும் நொகோல்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாரம் மேஜையில் குனிந்து நான் செய்து முடித்த கைக்கடிகாரத்தை என் மகளிடம் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"சூப்பரா இருக்குப்பா. ஆனா இது நொகோல் தானே?"

எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்று எனக்குப் புரியவில்லை. 'இல்லை' என்று உடனே சொல்லவும் வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், கொஞ்சம் சரித்திரம் படிக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அசலுக்கு உள்ளே என்ன?

முதலில் நான் செய்த சாமானைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மூலை வளையம், அதில் எட்டுத் திருகு, கட்டம் கட்டமாக இழைத்த நீல டயல். கடிகாரப் பைத்தியங்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், இது எதைப் பார்த்துச் செய்தது என்று. 1972-ல் ஓடமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனி வெளியிட்ட 'ராயல் ஓக்'. வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. ஒரே ராத்திரியில் வரைந்து கொடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முத்துக்குளிப்பவர்கள் அந்தக் காலத்தில் மாட்டிக்கொண்ட பித்தளைத் தலைக்கவசம் இருக்கிறதே, அதன் கண்ணாடி வளையமும் திருகுகளும்தான் அவருக்கு யோசனை கொடுத்தனவாம்.

அந்தக் கடிகாரம் வந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி, "எவர்சில்வருக்கா இந்த விலை?" என்பதுதான். 3,300 சுவிஸ் ஃபிராங்க். பல தங்கக் கடிகாரங்களே அதைவிட மலிவு. இன்றைக்கு அதன் வாரிசுகளின் விலை பல லட்சங்களில். நம் பட்ஜெட்டுக்கு அட்டவணைப் படம் பார்க்க மட்டும்தான் கட்டுப்படியாகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த முதல் ராயல் ஓக்குக்கு உள்ளே ஓடிய இயந்திரத்தைச் செய்தது ஓடமார் பிகே இல்லை. ஜேகர்-லெகூல்த்ர் என்ற இன்னொரு கம்பெனி. 3.05 மி.மீ. தடிமன்தான், மிக அழகான வேலை. அதே இயந்திரத்தின் மாறுதல்களைத்தான் 1976-ல் படேக் ஃபிலிப் தன் 'நாட்டிலஸ்' கடிகாரத்திலும், 1977-ல் வாஷரான் கான்ஸ்டன்டின் தன் '222'-இலும் போட்டார்கள். நாட்டிலஸை வரைந்ததும் அதே ஜென்டாதான். உலகத்தின் மூன்று பெரிய பெயர்கள், உள்ளே ஒரே குடும்பத்து இயந்திரம்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் உயர்ந்த கடிகாரம் என்றால் லண்டன் கடிகாரம்தான். ஐரோப்பாவின் பட்டறைகளில் மலிவாகச் செய்து, மேலே 'லண்டன்' என்று பொறித்து விற்ற காலம் அது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்கர்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களை வைத்துக் கடிகாரம் செய்ய ஆரம்பித்ததும் சுவிஸ்காரர்கள் ஆடிப்போனார்கள். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பொருட்காட்சிக்கு லோன்ஜின் கம்பெனியின் ஜாக் டேவிட் போய், அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு வந்து நீண்ட அறிக்கை எழுதினார். அதன் சாரம், 'அவர்களைப் பார்த்து நாமும் மாறாவிட்டால் பிழைப்பு இல்லை' என்பது. மாறினார்கள். பிறகு அவர்களே அசல் ஆகிவிட்டார்கள்.

ஆற்காட்டிலிருந்து வந்தவர்

நிற்க. இவ்வளவு தூரம் சுவிட்சர்லாந்துக்குப் போவானேன்? இதே கல்கத்தாவில், 'இவனால் முடியுமா?' என்ற கேள்வியை ஒருவர் எதிர்கொண்டிருக்கிறார். அவர் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள். நான் ராணிப்பேட்டைக்காரன். பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. அந்த ஆற்காட்டிலிருந்து வந்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசேன்.

கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னையில் ஆரம்பித்த பெரிய நில அளவைக்கு லண்டனிலிருந்து ஒரு கோணமானி வந்தது. தியோடலைட் என்பார்கள். அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்துவிட்டது. லண்டனுக்கு அனுப்பித் திரும்பி வர வருஷக்கணக்காகும். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் தட்டியும் இழுத்தும் தானே சரிசெய்தார்.

ஆனால் எத்தனை முறை இப்படிச் சமாளிப்பது? லாம்டனுக்குப் பின் 1823-ல் இந்த வேலைக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் (ஆமாம், மலைக்குப் பெயர் கொடுத்தவர்தான்) 1830-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது ஹென்றி பாரோ என்ற கருவி செய்பவரைக் கூடவே அழைத்து வந்தார். தஞ்சாவூரில் அடிபட்ட அதே தியோடலைட் கல்கத்தாவில் பாரோவின் கையில் புதுப்பிறவி எடுத்தது. எவரெஸ்டுக்கும் பாரோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1839-ல் பாரோ வெளியேறினார்.

அந்தப் பட்டறையில் அதற்கு முன்பிருந்தே இருந்தவர் மொஹ்சின் ஹுசேன். 1823-ல் சர்வேயர் ஜெனரல் ஆன வாலன்டைன் பிளாக்கர், சென்னைப் பக்கத்தில் இவருடைய கைத்திறமையைக் கண்டு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார். பாரோ போன பிறகு அந்த வேலையை இவரிடம் ஒப்படைக்கலாம் என்றார் எவரெஸ்ட். லண்டனில் கம்பெனி இயக்குநர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு நுட்பமான வேலையை இந்த நாட்டுக்காரர் ஒருவர் செய்வதா? எவரெஸ்ட் விடவில்லை. எளிதில் யாரையும் புகழாத அந்த மனுஷர், மொஹ்சினின் புத்திக்கூர்மையை வெகுவாகப் புகழ்ந்து எழுதினார். கடைசியில் பாரோ வகித்த பதவி மொஹ்சினுக்கே வந்தது.

அவர் கையில் இருந்த கருவிகள் எல்லாம் லண்டனில் பிறந்தவை. அவர் அவற்றைப் பிரித்தார், சீர்செய்தார், மாற்றினார். அசல் யாருடையது என்று பார்த்தால் லண்டனுடையது. வேலை? ஆற்காட்டுக்காரருடையது.

டயலில் நம் பெயர், உள்ளே அவர்கள்

கைக்கடிகாரத்துக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்னால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கடிகாரக் கடைகளுக்குக் குறைவே இல்லை. வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி என்று டயலில் பெரிதாகப் போட்டிருக்கும். 1886-ல் பம்பாயில் தொடங்கியது, கல்கத்தாவிலும் கடை இருந்தது. பட்டாளத்துக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் விரும்பிக் கட்டிய கடிகாரம். பெயர் நமக்குப் பழகியது, செய்தது சுவிட்சர்லாந்தில். ஃபாவ்ர்-லூபா 1865-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வரியும் வந்தன. ஆசை மட்டும் குறையவில்லை. சென்னையில் பர்மா பஜார், இங்கே கிதிர்பூரில் ஃபேன்ஸி மார்க்கெட். 'கப்பல்ல வந்தது சார்' என்று துணிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவார்கள். அதில் பாதி நொகோல், வங்காளி அர்த்தத்தில்.

இந்தச் சூழ்நிலையில்தான் பெங்களூரில் ஹெச்.எம்.டி. கடிகாரம் செய்ய இறங்கியது. 1953-ல் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக ஆரம்பித்த அரசாங்கக் கம்பெனி. அப்போது கைகொடுத்தது சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான். கடிகாரத்துக்கு 1961-ல் ஜப்பானின் சிட்டிசன். முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். டயலில் ஹெச்.எம்.டி. என்பதோடு சிட்டிசன் பெயரும் இருந்தது.

சரி, அந்தச் சிட்டிசன் யார்? 1918-ல் டோக்கியோவில் ஒரு நகை வியாபாரி ஆரம்பித்த கடிகார ஆராய்ச்சிக் கூடம். எல்லாமே சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறதே, நாமே செய்தால் என்ன என்ற எண்ணம். 1924-ல் தங்கள் முதல் பாக்கெட் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். லண்டனைப் பார்த்துச் சுவிஸ், அமெரிக்காவைப் பார்த்து மறுபடியும் சுவிஸ், சுவிஸைப் பார்த்து ஜப்பான், ஜப்பானைப் பார்த்துப் பெங்களூர். வரிசையில் நாம் கடைசி, அவ்வளவுதான்.

ஹெச்.எம்.டி. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், சுஜாதா... இந்தப் பெயர்களைக் கேட்டால் நம் தலைமுறையில் யாருக்காவது ஒரு மாமாவோ தாத்தாவோ ஞாபகம் வராமல் இருக்காது. காஞ்சன் கல்யாணச் சீர்வரிசையில் கேட்டு வாங்கப்பட்ட கடிகாரம். பைலட் டயலைப் பார்த்தால் விமானிகளின் கடிகாரம் மாதிரி கறுப்பு. சோனா, பெயருக்கேற்ற மாதிரி ஒல்லியாக, தங்க முலாமில். விலை உயர்ந்த கடிகாரங்களின் ஜாடையைச் சம்பளக்காரனின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தவை இவை. ஜாடையைத்தான் எடுத்தார்கள், அடுத்தவன் பெயரை எடுக்கவில்லை. அந்த வித்தியாசம் முக்கியம்.

என் அப்பா கட்டியது ஜனதா. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1974-ல் வாங்கியது. அவர் ஆசைப்பட்டது ஃபாவ்ர்-லூபாவுக்கு, முதலாளி கையில் இருந்தது அது. வாங்க முடிந்தது ஜனதா. பதினேழு கல், நொடிக்கு ஐந்து துடிப்பு, தினம் காலையில் காப்பி குடித்ததும் சாவி கொடுக்க வேண்டும். முப்பது வருஷம் சாவி கொடுத்தார். அதை ஒருநாளும் 'ஜப்பான் நகல்' என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. "நம்ம கவர்மென்ட் வாட்ச்" என்றுதான் சொல்வார்.

ஹெச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை 2016-ல் அரசாங்கம் மூட முடிவெடுத்தது. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் அதன் மேல் பாசம் பொங்கியது. பழைய டயலுக்குப் புதுச் சாயம் பூசி, இல்லாத நிறத்தில் இல்லாத மாடலை உண்டாக்கி, 'பழைய அசல்' என்று விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். உள்ளே ஓடுவது ஹெச்.எம்.டி.யே ஆனாலும், முகம் பொய் சொல்கிறது. இதை நான் நொகோல் என்றுதான் சொல்வேன்.

ஓசூரில் 1.15 மில்லிமீட்டர்

அடுத்த படி நம்ம ஓசூர். 1984-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ என்றால் தெரியும்) டாடாவும் சேர்ந்து ஆரம்பித்தது டைட்டன். தலைமை ஏற்றவர் செர்க்ஸஸ் தேசாய். ஹெச்.எம்.டி.யின் பலம் சாவி கொடுக்கும் கடிகாரம். டைட்டன் குவார்ட்ஸில் இறங்கியது. 1969 கிறிஸ்துமஸ் அன்று சைகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்தே உலகம் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்கான தொழில்நுட்பத்தை டைட்டன் பிரான்ஸ் எபோஷ் என்ற ஃபிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வாங்கியது. வேலை தெரிந்த பலர் ஹெச்.எம்.டி.யிலிருந்து வந்தார்கள். மறுபடியும் நகல்தான், நம்ம அர்த்தத்தில்.

பத்து வருஷம் அப்படிக் கற்றுக்கொண்டபின் வந்தது ஒரு வேலை. உலகத்திலேயே மிக ஒல்லியான, தண்ணீர் புகாத கடிகாரம் வேண்டும் என்றார் தேசாய். ஒல்லிக் கடிகாரம் என்பது சுவிஸ்காரர்களின் கௌரவப் பிரச்சினை. 1979-ல் 1.98 மி.மீ.யில் ஒரு தங்கக் கடிகாரம் செய்திருந்தார்கள். பின்மூடியையே இயந்திரத்தின் அடித்தட்டாக வைத்து, பாகங்களை அதன் மேலேயே பூட்டினார்கள். (அந்த யுக்தியைத்தான் 1983-ல் பிளாஸ்டிக்கில் போட்டு, மலிவு விலை ஸ்வாட்ச் ஆக்கினார்கள். பணக்காரக் கடிகாரத்திலிருந்து பட்ஜெட் கடிகாரம் பிறந்த கதை அவர்களிடமும் உண்டு.) ஆனால் அந்தத் தங்கத் தகட்டைக் கட்டிக்கொண்டு நம்ம ஊர் மழையில் பஸ் ஏற முடியாது.

ஓசூரில் பல வருஷம் உழைத்தார்கள். 2002-ல் வந்தது டைட்டன் எட்ஜ். முழுக் கடிகாரமும் 3.5 மி.மீ., உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மி.மீ. 30 மீட்டர் ஆழத்து நீர் அழுத்தத்தைத் தாங்கும். யாரைப் பார்த்தும் செய்ய முடியாது, ஏனென்றால் பார்த்துச் செய்ய அப்படி ஒன்று இல்லை. வரிசையில் கடைசியாக நின்றவன் முன்னால் வந்துவிட்டான்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு. அப்பா ஆசைப்பட்ட அந்த ஃபாவ்ர்-லூபாவை, 2011-ல் டைட்டன் விலைக்கு வாங்கியது. பிறகு 2023-ல் கைமாற்றிவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்த சுவிஸ் பெயருக்கு ஓசூர்க்காரர்கள் முதலாளி. அப்பா இருந்து கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

என் மேஜையில்

இப்போது என் மேட்டருக்கு வருகிறேன். நான் ஏன் இதில் இறங்கினேன்? பொழுதுபோக்கு என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு.

அப்பா போனபின் ஜனதா என்னிடம் வந்தது. நாலைந்து வருஷம் முன்பு நின்றுவிட்டது. யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. நானே பார்க்கிறேன் பேர்வழி என்று பின்மூடியைத் திறந்தேன். ஒரு திருகு, எள்ளில் பாதி அளவு, இடுக்கியிலிருந்து தெறித்துப் பறந்தது. தரையெல்லாம் பெருக்கினோம், கிடைக்கவில்லை. அதைவிட மோசம், இடுக்கி நழுவி ஹேர் ஸ்பிரிங்கில் பட்டுவிட்டது. தலைமுடி கனத்துச் சுருள் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. அப்பா முப்பது வருஷம் ஓட்டியதை நான் மூன்று நிமிஷத்தில் கெடுத்தேன். மூடி, டப்பாவில் போட்டு, பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அவருடைய கடிகாரத்தில் பழகக்கூடாது, வேறு எதிலாவது கையைப் பழக்க வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

பழகுவதற்குச் சைகோவின் என்.ஹெச்.35 என்ற இயந்திரம் தோதானது. உலகம் முழுக்க வீட்டில் கடிகாரம் பூட்டுகிறவர்கள் அதிகமாக வாங்குவது அது. 24 கல், நொடிக்கு ஆறு துடிப்பு, கை அசைவிலேயே சாவி ஏறும், ஒருமுறை முழுக்க ஏறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். கூடு, டயல், முட்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வாரும் சில்லறைக் கருவிகளும் ராதாபஜாரில் வாங்கினேன். வித்யாசாகர் சேதுவைத் தாண்டி பஸ்ஸில் போனால் டல்ஹவுஸி, அங்கிருந்து நடை. சந்து முழுக்கக் கடிகாரக் கடைகள். ஒரு பழைய ரிப்பேர்க்கார தாதா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துக் கேட்டார், "வாட்ச் செய்யப் போறியா, வாட்சைக் கெடுக்கப் போறியா?" இரண்டும்தான் தாதா என்றேன். மொத்தச் செலவு ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

செய்யும் முறை கேட்க எளிது. டயலின் பின்னால் இரண்டு சின்னக் கால்கள், அவற்றை இயந்திரத்தின் துளைகளில் உட்கார வைக்க வேண்டும். தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிஷ முள்ளையும் 12-ல் அழுத்த வேண்டும். அப்போதுதான் தேதி ராத்திரியில் மாறும், இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாறும். (முதல் தடவை எனக்கு மூன்றரை மணிக்கு மாறியது!) கடைசியாக நொடி முள். அது உட்கார வேண்டிய தண்டு 0.20 மி.மீ. கனம். நான்கு தடவை விழுந்தது, ஐந்தாவது தடவை நின்றது. பிறகு சாவித் தண்டைக் கூட்டின் அளவுக்கு வெட்ட வேண்டும். நீளமாக வெட்டி, அரம் போட்டுப் போட்டுக் குறைக்க வேண்டும். குட்டையாகிவிட்டால் திரும்ப வளராது. என் முதல் தண்டு குப்பையில்.

மூடுவதற்கு முன் தூசி. விளக்கு வெளிச்சத்தில் டயல் பளிச்சென்று இருக்கும். கண்ணாடி போட்டு மூடியதும் நட்ட நடுவில் ஒரு துணி நார் படுத்திருக்கும். திற, ஊது, மூடு. மறுபடியும் ஒன்று. கொல்கத்தாவில் தூசிக்குப் பஞ்சமில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை டயலில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு செய்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

டயலில் என்ன பெயர் போடுவது? ஓடமார் பிகே பெயர் அச்சடித்த டயலும் விற்கிறார்கள், அதுவும் மலிவாக. வேண்டாம் என்று விட்டேன். என் பெயர் போடவும் கூச்சம். பெயரில்லாமல் வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

மகளுக்குச் சொன்னது

இவ்வளவும் படித்து முடித்தபின் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது நகல்தான். நம்ம வீட்டு நகல். நொகோல் இல்லை."

"என்னப்பா வித்தியாசம்?"

"பார்த்துச் செஞ்சேன்னு நான் ஒத்துக்கறேன். அடுத்தவன் பேரைப் போட்டிருந்தா நொகோல். பார்த்துச் செஞ்சு எதுவும் கத்துக்காம விட்டாலும் நொகோல்தான்னு வெச்சுக்கோயேன்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீ என்ன கத்துக்கிட்ட?"

பதில் சொல்லாமல் பீரோவைத் திறந்து அந்த டப்பாவை எடுத்தேன். ராதாபஜார் தாதா பழைய ஜனதா ஒன்றைப் பாகத்துக்காகக் கொடுத்திருந்தார், திருகும் அதில்தான். நசுங்கிய ஹேர் ஸ்பிரிங்கைப் பூதக்கண்ணாடி வைத்து, இரண்டு ஊசி முனைகளால், சுற்றுச் சுற்றாக நிமிர்த்தினேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. நேராகிவிட்டது என்று நினைத்து மாட்டினால், ஒரு சுற்று இன்னொன்றில் ஒட்டி, கடிகாரம் குதிரை மாதிரி ஓடியது. கழற்றி, மறுபடியும்.

போன வியாழக்கிழமை ராத்திரி நிதானத்துக்கு வந்தது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காதைக் கொடுத்தோம். புதுசு ஆறு, பழசு ஐந்து. மகள் கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று சரியாகச் சொன்னாள். எட்டு மூலைக் கடிகாரத்தை அவளே எடுத்துக்கொண்டாள், ஒரு நாளைக்குப் பதினெட்டு விநாடி முந்துகிறது, பள்ளிக்கூடத்துக்கு அது நல்லதுதான்.

ஜனதா என் கையில். இந்த ஒரு வாரமாகக் காலையில் காப்பி குடித்ததும் சாவி கொடுக்கிறேன்.